ஒருதலை

வீட்டில் அவளுக்குக் கிறுக்கி என்று பெயர். சுவர், நோட்டு, தலையணை உறை என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் கிறுக்கி வைத்ததால் சின்ன வயதில் அண்ணன் சூட்டிய பெயர் அது. பிறகு அவள் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதப் படித்து, அந்த நிரலைக் கொண்டே படம் வளர்க்க ஆரம்பித்ததும், பெயர் இன்னொரு அர்த்தத்திலும் பொருத்தம்தான் என்று சொந்தக்காரர்கள் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

"படம் நான் போடல, கம்ப்யூட்டர் போடுதுன்றே. அப்ப நீ எதுக்கு?" என்று அண்ணி ஒருமுறை கேட்டாள்.

"விதை நான் போடறேன் அண்ணி. கிளை எங்க பிரியணும்னு அதுவா முடிவு பண்ணிக்கும்."

"நல்லாத்தான் இருக்கு. பாத்திரம் கழுவறதுக்கும் ஒரு விதை போடேன்."

அவள் விதை என்று சொன்னது மனித உடம்பை. நுரையீரலுக்குள் காற்றுக்குழாய் எந்தக் கணக்கில் கிளை பிரிகிறது, காதுக்குள் இருக்கும் நத்தைச் சுருள் எத்தனை சுற்று சுற்றுகிறது, தொடை எலும்பின் உள்ளே துளைகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்துப் பார்த்து, அந்த முறையை நிரலாக எழுதுவாள். நிரல் அதை வைத்துக்கொண்டு உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு நுரையீரலைத் திரையில் வளர்க்கும். ஒருமுறை வந்தது மறுமுறை வராது. தூரத்திலிருந்து பார்த்தால் பூ மாதிரி இருக்கும். கிட்டே போனால் கறிக்கடை மாதிரி இருக்கும்.

அண்ணனுக்கு வீட்டுப் பெயர் நொட்டாங்கை. எல்லாவற்றுக்கும் இடது கைதான். சாப்பாட்டுத் தட்டில் மட்டும் அடித்துத் திருத்திவிட்டார்கள். மற்றபடி யாராலும் திருத்த முடியவில்லை. பெரிய தையல் நிலையம் ஒன்றில் அவன் கட்டிங் மாஸ்டர். இடது கைக்கென்று தனியாகச் செய்த கனமான கத்தரிக்கோல் ஒன்று வைத்திருந்தான். அதை வேறு யாராவது தொட்டால் கொலை விழும். கோட்டுத் துணியில் சாக்குக்கட்டியால் ஒரே ஒரு கோடு இழுத்துவிட்டு அவன் வெட்டத் தொடங்கினால் முடிகிற வரைக்கும் கத்தரி நிற்காது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அதே வெட்டு மேசையின் அடியில் அவன் வலிப்பு வந்து விழுந்து கிடந்தான். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மூளையின் மேற்பரப்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"கெட்ட கட்டி இல்ல, எடுத்துட்டா தீர்ந்துது," என்றார் ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர். நல்ல மனிதர், கலகலப்பானவர். அப்புறம்தான் குரலைத் தாழ்த்தினார். "ஆனா வலது பக்கம் இருக்கு. வலது பக்கத்து மூளைதான் இடது கையை ஆட்டி வைக்குது. கட்டி சரியா அந்த இடத்தை ஒட்டிக்கிட்டு இருக்கு. கை கொஞ்சம் சோர்ந்து போகலாம். எவ்வளவுன்னு திறந்து பாத்தாத்தான் தெரியும்."

அண்ணன் தன் இடது கையை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "முதல்ல ஸ்கேன் எடுத்த இடத்துல இடது பக்கம்னுதானே டாக்டர் சொன்னாங்க?"

டாக்டர் சிரித்தார். "இந்தக் கேள்வியைக் கேக்காத ஆளே இல்ல. ஸ்கேன் படம்ங்கறது உங்களை எதிர்ல நிறுத்திப் பாக்கிற மாதிரி. படத்துல இடதுன்னா உங்களுக்கு வலது."

சுவரோரம் நின்றிருந்த கிறுக்கியும், "ஆமாண்ணே, அப்படித்தான்," என்று தலையாட்டினாள். உடம்புப் படத்தோடு பத்து வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

"அப்ப நான்தான் துணியைத் திருப்பாம சட்டைக்கு ரெண்டு கையும் இடது கையாவே வெட்டிட்டேன் போல," என்று தையற்காரர்களின் பழைய வெட்கத்தைச் சொல்லி அண்ணன் சிரித்தான். கையெழுத்தும் போட்டான். அதையும் இடது கையால்தான் போட்டான். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தக் கையை நேராகப் பார்க்கவில்லை.

இதில் கிறுக்கி ஒரு காரியம் செய்திருந்தாள். ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒரு டிஸ்க்கும், ஒரு உறையில் ரிப்போர்ட்டும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலோ, "டிஸ்க்கா? இப்ப எந்தக் கம்ப்யூட்டர்ல அதுக்கு ஓட்டை இருக்கு? பென்டிரைவ்ல கொண்டாங்க. ரிப்போர்ட் வேணாம், எங்க ஆளே பாத்து எழுதிடுவார். பத்து நாள் முந்தி எடுத்ததுதானே, புது ஸ்கேனும் தேவையில்ல," என்றார்கள். டிஸ்க்கிலிருந்து படங்களைத் தன் லேப்டாப்புக்கு எடுத்து, பென்டிரைவில் போட்டுக் கொடுக்கும் வேலை அவளிடம் வந்தது. டிஸ்க் வேலை முடிந்ததும் பால்கனியில் புறா விரட்டத் தொங்கியது. ரிப்போர்ட் அண்ணியின் பீரோவுக்குள் போனது.

லேப்டாப்பில் ஏறிய படங்களை அவளால் சும்மா விட முடியவில்லை. ஒரு முழுத் தலை, அடுக்கடுக்காக, முடி அளவு நுணுக்கத்தோடு. இத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படி ஒரு விதை கிடைத்ததில்லை. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நிரலுக்குள் போட்டுவிட்டாள். அண்ணனைக் கேட்கவில்லை. மனுஷன் தலையைத் திறக்கப் போகிறார்கள், இப்போது இதைக் கேட்கிற நேரமா, எல்லாம் முடிந்த பிறகு காட்டி அசத்தலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கேட்காமல் எடுப்பதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. அந்தச் சொல் வாய்க்கு வராமல் பார்த்துக்கொண்டாள்.

அவள் படங்களைக் காட்டப்போகும் கலைக்கூடத்தில் பெரிய சுவர் முழுக்கத் திரை. நாளைக்குச் சாயங்காலம் திறப்பு. நாளைக்குக் காலையில்தான் அண்ணனுக்கு ஆபரேஷனும். காலையில் அங்கே, மாலையில் இங்கே என்று திட்டம் போட்டிருந்தாள். இன்றைக்குச் சோதனை ஓட்டம். காலை மணி பத்து.

"ஒரே தலையிலேர்ந்து இருநூறு தலை. பேரு ஒருதலை. மனசுல கொக்கி மாதிரி மாட்டுதில்ல?" என்றாள் கூடத்தின் மேனேஜர், பெயர் வைத்த பெருமையில். "எங்க, ஓட விடுங்க."

தலைகள் பத்துப் பத்தாக வந்தன. ஒவ்வொன்றும் எதிரில் நிற்கும் ஆள் மாதிரி முகம் காட்டி வரும். எலும்பு மெல்லக் கரையும். உள்ளிருந்து மூளையின் மடிப்புகள் நெளிந்து வெளியே மலரும். லேப்டாப்பில் கட்டைவிரல் அளவுக்குப் பார்த்தவை இங்கே அவளைவிட உயரமாக நின்றன. மேனேஜர் வாயைத் திறந்தவள் மூடவில்லை. கிறுக்கிக்கும் ஒரு நிமிடம் கர்வம் தலைக்கேறியது.

அப்போதுதான் புருவத்துக்கு மேலே இருந்த பள்ளத்தைப் பார்த்தாள். எலும்பில் சுண்டுவிரல் நுனி பதிகிற அளவுக்கு ஒரு குழி. நிரல் ஒவ்வொரு தலையிலும் அதை விடாமல் வளர்த்திருந்தது.

அது அவள் போட்ட கல். அவளுக்கு ஆறு வயது, அவனுக்கு ஒன்பது. ஒரு சைக்கிள் டயருக்காகச் சண்டை. எதிரில் நின்றவன் மேல் கையில் இருந்ததை எறிந்துவிட்டாள். நொட்டாங்கையால் நொட்டாங்கண்ணைப் பொத்திக்கொண்டு அவன் நின்றதும், விரல் இடுக்கில் ரத்தம் வந்ததும், அவன் அழுவதற்கு முன்னால் இவள் கத்தி அழுததும் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. "அழாதே. மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லிக்கிறேன்," என்றான். அப்படியே சொன்னான். முப்பத்துநாலு வருஷமாக அது மாடிப்படிதான்.

"அட, என் கல்லும் வந்துடுச்சா," என்று முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு இன்னொரு தலையைப் பார்த்தாள். இன்னொன்றை. சிரிப்பு நின்றது.

ஒரே ஆளின் படம் நிரலின் பசிக்குப் போதாது. அதனால் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு வேலையை அவளும் செய்திருந்தாள். ஒவ்வொரு படத்தையும் கண்ணாடியில் காட்டுவது போல இடம் வலமாகத் திருப்பி இன்னொரு பிரதி எடுத்து, அசல் பாதி, திருப்பியது பாதி என்று ஊட்டியிருந்தாள். அப்படியானால் வளர்கிற தலைகளிலும் பாதியில் பள்ளம் இந்தப் பக்கமும், பாதியில் அந்தப் பக்கமும் வரவேண்டும். முதல் பத்தில் பத்தும் ஒரே பக்கம். அடுத்த பத்தும் அதே பக்கம். அறுபது தலை பார்த்துவிட்டாள். பூவா தலையா போட்டால் அறுபது தடவையும் தலையே விழுமா?

பள்ளம் இருந்தது அவளுடைய இடக்கைப் பக்கம். எதிரில் நிற்கிற ஆளுக்கு அது வலது. அவள் அடித்தது இடது.

தரையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்து, படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தாள். அத்தனை படமும் ஒரே சாயங்காலம், ஒரே நிமிடத்தில் மாற்றப்பட்டிருந்தன. நிரலில் அந்த இரண்டு வரியைத் தேடிப் பார்த்தாள். எடுக்கிற இடம் ஒரு வரியில், வைக்கிற இடம் அடுத்த வரியில். ஃபோல்டருக்குப் பெயர் மாற்றியபோது அவசரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயரைப் போட்டிருக்கிறாள். திருப்பிய படம் ஒவ்வொன்றும் அசலின் தலைமேலேயே போய் உட்கார்ந்து அதை அழித்துவிட்டது. நிரல் அதையே இரண்டு தடவை தின்றிருக்கிறது. மறுநாள் காலையில், அதே ஃபோல்டரிலிருந்துதான் பென்டிரைவுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

ஃபைல் கெட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் திறந்திருக்காது. யாராவது திருப்பிக் கேட்டிருப்பார்கள். இது கெடவில்லை, சமர்த்தாகத் திறந்தது. நெஞ்சு, வயிறு என்றால் இதயமோ ஈரலோ இடம் மாறி உட்கார்ந்து காட்டிக் கொடுத்திருக்கும். தலைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது. அண்ணன் கேட்டான். டாக்டர் சிரித்தார். அவள் தலையாட்டினாள்.

நாளைக்குத்தானே, இன்றைக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் போனில் அண்ணியின் செய்தி வந்தது.

"இன்னைக்கே பண்றாங்களாம். வேற ஒருத்தருக்கு இருந்தது தள்ளிப்போச்சாம். பதினோரு மணிக்கு. உனக்கு அங்க வேலை கெடும்னு உங்கண்ணன் சொல்ல வேணாம்னார். எனக்கு மனசு கேக்கல."

கூடவே ஒரு போட்டோ. ஆஸ்பத்திரி உடுப்பில், மழித்த தலையோடு, பல்லைக் காட்டிக்கொண்டு அண்ணன் தானே எடுத்தது. மண்டையில் ஊதா மையில் பெரிய அம்புக்குறி.

குறி போட்டோவில் வலப்பக்கம் இருந்தது. எதிரில் நிற்கிற ஆளுக்கு அது இடது! எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள், கடவுளே என்று கண்ணை மூடினாள். திறந்தபோது அண்ணனுக்குப் பின்னால் சுவரில் இருந்த கட்டில் எண் கண்ணில் பட்டது. இரண்டும் ஏழும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றன. தன்னைத் தானே எடுக்கிற போட்டோவை இந்தப் போன் கண்ணாடி மாதிரிதான் காட்டும். அப்படியானால் குறி வலதா? இடதா? எதிரில் நிற்பவன், கண்ணாடியில் நிற்பவன், திருப்பிய படம், திருப்பாத படம் எல்லாம் ஒன்றோடொன்று முட்டி அவளுக்குத் தலை சுற்றியது.

பிறகு இடது வலது இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பள்ளத்தைத் தேடினாள். புருவத்துக்கு மேலே, விளக்கு வெளிச்சத்தில் சின்ன நிழலாகத் தெரிந்தது. குறி ஒரு பக்கம். பள்ளம் மறு பக்கம்.

லேப்டாப்பில் ஸ்கேனைப் பார்த்தாள். பள்ளமும் கட்டியும் ஒரே பக்கம்.

திருப்பினாலும் கவிழ்த்தாலும் அந்த இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். அவர்கள் ஒன்றுமில்லாத பக்கத்தை, கத்தரிக்கோல் பிடிக்கிற கையை ஆட்டி வைக்கிற பக்கத்தைத் திறக்கப் போகிறார்கள். மணி பத்து இருபத்தாறு.

அண்ணி போனை எடுத்தாள். "இப்பத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. கையை ஆட்டிக்கிட்டே போறார், கல்யாண ஊர்வலம் மாதிரி."

"அண்ணி, அந்த பென்டிரைவ்ல ஏதோ கோளாறு இருக்கும்போல இருக்கு. டாக்டரை இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்களேன்."

"என்ன கோளாறு?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் நின்றது. "தெரியல. ஏதோ... காப்பி பண்றப்ப..."

"அதைத் திறந்து பாத்துத்தானே குறி போட்டிருக்காங்க? பயத்துல உளறாதே. இங்க நான் நடுங்கறது போதாதா?" அண்ணி வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி எண்ணில் ஒரு குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. அவள் ஓட ஆரம்பித்தாள்.

"எங்க போறீங்க? இன்னும் நூத்தி நாப்பது தலை பாக்கி!" என்று மேனேஜர் பின்னாலிருந்து கத்தினாள்.

டாக்சியில் ஏறி, இரண்டு தெரு தாண்டி, சிக்னலில் மாட்டி நிற்கும்போது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. கோளாறாம், கோளாறு. ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் அண்ணி அப்போதே கதவை உடைத்திருப்பாள். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்பது நிமிடம் செலவழித்திருக்கிறாள். யாருடைய ஒன்பது நிமிடம்? மறுபடி அடித்தாள். ஐந்தாவது மணியில் அண்ணி எடுத்தாள்.

"அண்ணி, வைக்காதீங்க. கோளாறு இல்ல, நான்தான். அண்ணன் ஸ்கேனை எடுத்து என் படத்துக்குப் போட்டேன். யாரையும் கேக்கல. அதுல இடம் வலமாயிடுச்சு. திரும்பிப்போன படத்தைத்தான் பென்டிரைவ்ல குடுத்திருக்கேன். கட்டி இடது பக்கம். அவங்க வலது பக்கம் திறக்கப் போறாங்க. கதவைத் தட்டுங்க அண்ணி. உடைங்க."

மறுமுனையில் நாற்காலி ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. போன் துண்டித்துக்கொண்டது.

டிரைவர் முன் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தார். சிக்னல் பச்சையானதும் ஹாரனில் வைத்த கையை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர் எடுக்கவே இல்லை.

மூன்றாவது மாடி. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஏறினாள். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைப் பாதி திறந்துகொண்டு பச்சைத் தொப்பி போட்ட நர்ஸ் ஒருத்தி நிற்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணி திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "படம் திரும்பிடுச்சு சிஸ்டர். படம் திரும்பிடுச்சு."

"எல்லாருக்கும் இந்த நேரத்துல பயம் வரும்மா. டாக்டர் ரொம்ப அனுபவசாலி. உக்காருங்க," என்றாள் நர்ஸ், ஆயிரம் பேரிடம் சொல்லிப் பழகிய குரலில்.

கிறுக்கி மூச்சு வாங்க நடுவில் புகுந்தாள். "நான் அவர் தங்கச்சி. அந்தப் படத்தைக் கெடுத்தது நான்தான். டாக்டர்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க."

"எந்தப் பக்கம்றீங்க? இடதா, வலதா?"

"இடதும் வேணாம், வலதும் வேணாம் சிஸ்டர். அதுல எல்லாரும் குழம்பிடறோம். அவர் புருவத்துக்கு மேல எலும்புல ஒரு பள்ளம் இருக்கு. ஸ்கேன்லயும் தெரியும். ஸ்கேன்ல பள்ளமும் கட்டியும் ஒரே பக்கம். நீங்க போட்ட குறி பள்ளத்துக்கு எதிர்ப் பக்கம். தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஒரு விரல் போதும்."

அண்ணி தன் போனில் அந்தப் போட்டோவை எடுத்து நீட்டினாள். நர்ஸ் அதை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பழகிய பொறுமை போய்விட்டது. ஆனாலும் கெட்டிக்காரி, சரியான கேள்வியைக் கேட்டாள். "ஸ்கேன்ல தெரியறது இதே பள்ளம்தானா? இது ஸ்கேனுக்கு அப்புறம் எங்கயாவது விழுந்து பட்டதா இருந்தா?"

"இல்ல, அது சின்ன வயசுல பட்டது. மாடிப்படியில விழுந்தாராம்," என்றாள் அண்ணி.

"விழல," என்றாள் கிறுக்கி. "நான் கல்லால அடிச்சேன். எனக்கு ஆறு வயசு."

நர்ஸ் போனோடு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. பதினொன்று அடிக்க நாலு நிமிடம். அண்ணி விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தினாள், உட்காரவில்லை. கிறுக்கி கதவில் காதை வைத்தாள். ஏதோ ஓர் இயந்திரம் உறுமுகிற சத்தம். எலும்பை அறுக்கிற ரம்பம் இப்படித்தான் இருக்குமா? பிறகு பக்கத்தில் லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்தது, உறுமல் நின்றது.

"கல்லா?" என்றாள் அண்ணி, அவளைப் பார்க்காமல்.

"ஆமா."

"பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்திட்டேன். எங்கிட்டயும் மாடிப்படின்னுதான் சொன்னார்."

அடுத்தவர் தலையில் கல்லைப் போடுவது என்று நாம் சும்மா பேச்சுக்குச் சொல்கிறோம். ஒரே ஆளின் தலையில் நிஜமாக ஒருமுறை, பேச்சுக்குச் சொல்வது போல ஒருமுறை, இரண்டு முறை போட்டவள் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. பதினொன்று ஆனது. பதினொன்று ஐந்து. சிவப்பு விளக்கு அப்படியே எரிந்தது.

பதினொன்று ஏழுக்கு டாக்டர் வெளியே வந்தார். முகமூடி தாடைக்குக் கீழே தொங்கியது. கையில் கையுறை இல்லை.

"தோலைக்கூடத் தொடல," என்றார் முதலில். "மயக்கம் மட்டும்தான் குடுத்திருக்கு. அரை மணியில எழுந்துடுவார்."

அண்ணி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"நானே தொட்டுப் பாத்தேன். ஸ்கேனையும் பாத்தேன். நீங்க சொன்னது சரி." அவர் கிறுக்கியின் பக்கம் திரும்பினார். "அசல் எங்க இருக்கு?"

"டிஸ்க் இருக்கு டாக்டர். பால்கனியில... புறா விரட்டத் தொங்குது."

அவர் வாய் சிரிக்கப் போவது மாதிரி கோணியது. சிரிப்பு வரவில்லை. "ரிப்போர்ட்?"

"என் பீரோவுல இருக்கு. நீங்கதானே வேணாம்னீங்க," என்றாள் அண்ணி. குரலில் அழுகை இல்லை. கத்தி இருந்தது.

டாக்டர் சொந்தக்காரர்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், அவர்களோடு ஒருவராக உட்கார்ந்தார். "அவர் கேட்டார். இடது பக்கம்தானேன்னு அவர் தெளிவாக் கேட்டார். நான் சிரிச்சேன்."

"நான் தலையாட்டினேன்," என்றாள் கிறுக்கி.

அன்றைக்கே புது ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றாம் நாள், இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, இடது பக்கம் திறந்து நெல்லிக்காயை எடுத்தார்கள். கலைக்கூடத்தில் பெரிய சுவர் இருட்டாகவே இருந்தது. கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டாள் என்று மேனேஜர் கத்தித் தீர்த்துவிட்டு, பழைய நுரையீரல் படத்தைச் சின்னச் சுவரில் ஓடவிட்டுத் திறப்பு விழாவை நடத்தினாள்.

ஆறாம் நாள் கிறுக்கி அவனைப் பார்க்கப் போனாள். அண்ணி அவளோடு அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் கட்டிலின் இந்தப் பக்கம் வந்ததும் ஸ்டூலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

அண்ணனின் தலையில் கட்டு, இடது பக்கம். அவன் இடது கையைத் தூக்கி, இரண்டு விரலைக் கத்தரி மாதிரி விரித்து, காற்றில் ஒரு முழம் வெட்டிக் காட்டினான்.

"கத்தரி பிழைச்சுது. சோத்துக்கைதான் கொஞ்சம் மக்கர் பண்ணுது. நாலு வாரத்துல சரியாயிடுமாம். அது வரைக்கும் நொட்டாங்கையால சாப்பிட்டா எவனும் திட்ட முடியாது."

அவள் சிரிக்க முயன்றாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் அண்ணி சொல்லியிருப்பாள் என்று தெரிந்தது.

"எத்தனை தலை?" என்று கேட்டான்.

"இருநூறு."

"அத்தனையும் என்னோடதா?"

"உன்னோடதிலேர்ந்து வளர்ந்ததுண்ணே."

"நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? "ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் பண்ணினதுலயே அதுதான்."

அவன் தலையை ஆட்டப் போய், வலித்து, நிறுத்திக்கொண்டான். "கல்லைப் பத்தி ஏன் சொன்னே? நான் எவ்வளவு வருஷம் காப்பாத்தி வெச்சிருந்தேன்."

"சொன்னாத்தான் நம்புவாங்கண்ணே."

"அந்தக் கல்லுக்கு உனக்கு ஆறு வயசு. அதுக்கு நான் கேக்க மாட்டேன்." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இந்தக் கல்லுக்கு உனக்கு நாப்பது வயசு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, கிறுக்கி. என் மண்டையை வெச்சுக்கிட்டு நான் மட்டும் என்ன பண்ணப் போறேன், எடுத்துக்கோன்னு குடுத்திருப்பேன்."

"இப்ப கேக்கறேண்ணே. இப்ப கேக்கட்டுமா?"

"இப்ப கேக்காதே," என்றான் அண்ணன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணி எழுந்து போர்வையை அவன் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள். கட்டிலின் இந்தப் பக்கம் நின்றபடி கிறுக்கி அழுதாள், சத்தமாகத்தான் அழுதாள், அவனுக்குக் கேட்டிருக்கும். அன்றைக்குச் சொன்ன மாதிரி அழாதே என்று அவன் சொல்லவில்லை.